லயத்து வீட்டுக் கூரையில் மழைத்தண்ணீர் பிடிப்பது: தோம்பு, அட்டைக் கூரை, கொசு பற்றிச் சில கேள்விகள்

லயம்12 (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். இடம் மலேசியா, சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா, அதாவது பழைய பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். நான்கு லயம் (தொழிலாளர் வரிசை வீடு), லயத்துக்கு ஆறு வீடு, ஆக 24 குடும்பம். ஆற்றில் எவனாவது கழிவைக் கொட்டினால் தண்ணீர் வெட்டு, பெரிய குழாய் உடைந்தால் வெட்டு. திரும்ப விடும்போது தாமான் (வெளிக் குடியிருப்பு) வீடுகளுக்கு முதல் நாளே வந்துவிடுகிறது, லயத்துக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான். இத்தனைக்கும் சாயங்காலமானால் மழை கூரையைப் பிய்க்கிறது. அவ்வளவும் லோங்காங்கில் (வடிகாலில்) போகிறது.

அதைப் பிடித்து வைக்கலாம் என்று பேச்சு. ஒரு வீட்டுக் கூரையின் ஒரு பக்கம் 20 அடி நீளம், 15 அடி சரிவு. சில வீட்டுக்குச் சிங்க் தகரம், சில வீட்டுக்குப் பழைய சாம்பல் நிற நெளி அட்டை. எத்தனை தோம்பு (பீப்பாய்) வேண்டும்? ஸ்டோரில் களைக்கொல்லி மருந்து வந்த காலித் தோம்புகள் சும்மாவே கிடைக்கும், கழுவி வைத்துக்கொள்ளலாமா? குளிக்க, துணி துவைக்க ஆகுமா? கொசு வந்தால் சுகாதார அதிகாரி கம்பவுண்ட் (அபராதம்) போடுவாரா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூரைவேலை:

தோம்புக் கணக்குக்கு முன்னால் கூரை என்ன என்று பாருங்கள். உங்கள் கேள்வியிலேயே பெரிய விஷயம் அந்தச் "சாம்பல் நிற நெளி அட்டை"தான்.

ஒரு காந்தத்தை நீளக் கம்பில் கட்டித் தாழ்வார ஓரத்தில் வையுங்கள். ஒட்டினால் சிங்க். ஒட்டாத சாம்பல் அட்டை, லயமும் பழையது என்றால், அஸ்பெஸ்டாஸ் என்றே எண்ணி நடந்துகொள்ளுங்கள். கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. பின்னாளில் வந்த அஸ்பெஸ்டாஸ் இல்லாத அட்டையும் அதே நிறம், அதே நெளிவு. சோதனைக்கூடம்தான் சொல்லும்.

அட்டை புதிதாக இருக்கும்போது சிமெண்டு அஸ்பெஸ்டாஸ் நாரைப் பிடித்து வைத்திருக்கும். பல வருட வெயிலிலும் மழையிலும் மேல் சிமெண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது, நார் வெளியே தெரிய வருகிறது. பாசி பிடித்த அட்டைக்குக் கீழே இருக்கும் பீலியை (கூரைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலை) பார்த்தால், அடியில் சாம்பல் நிறத்தில் வழவழப்பான சேறு ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருக்கும். அதில் நாரும் சேர்ந்தே கிடக்கும். ஈரமாக இருக்கும்வரை அது பெரிய ஆபத்து இல்லை. காய்ந்து தூளாகிக் காற்றில் ஏறி, மூச்சோடு நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து. அதனால் வரும் நோய் 20, 30, 40 வருடம் கழித்துத்தான் தலைகாட்டும். இன்றைக்குத் தும்மல்கூட வராது, அதனால்தான் ஆட்கள் அலட்சியமாக இருக்கிறார்கள்.

ஆகவே அட்டைக் கூரைத் தண்ணீரைக் கழிவறைக்கு ஊற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துணி துவைக்க வேண்டாம். தண்ணீரில் வந்த நார் துணியில் தங்கும், துணி காய்ந்து உதறும்போது வீட்டுக்குள்ளேயே பறக்கும். அட்டையைத் தேய்க்கவோ, பிரஷ் போடவோ, தண்ணீர் ஜெட் அடிக்கவோ, துளை போடவோ கூடாது. பீலி மாட்ட வேண்டுமானால் தாழ்வாரத்து மரப்பலகையில் கொக்கியை அடியுங்கள், அட்டையில் கை வைக்காதீர்கள். பீலியைச் சுத்தம் செய்யும்போது முதலில் நன்றாக நனைத்து, சேறாக அள்ளி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டிவிட வேண்டும். காய்ந்த துடைப்பம் ஆகவே ஆகாது.

இன்னொன்று: ஒரே லயத்தில் சிங்க் வீடும் அட்டை வீடும் மாறி மாறி இருந்தால், ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே நீளப் பீலி போடாதீர்கள். எல்லாத் தண்ணீரும் கலந்துவிடும். சிங்க் வீட்டுப் பீலிக்கு இரு பக்கமும் மூடி போட்டுத் தனியாக இறக்குங்கள்.

உடைந்த அட்டையை மாற்றுவது குடியிருப்பவர் பாராங்கும் (வெட்டுக்கத்தி) ஏணியும் எடுத்துக்கொண்டு செய்கிற வேலை அல்ல. தோட்டத்துக்குச் சொந்தக்காரர், பயிற்சி பெற்ற ஆளை வைத்துச் செய்ய வேண்டியது.

நீலத்தோம்பு:

மேலே அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. இனி சிங்க் கூரை வீட்டுக்குக் கணக்கு.

சரிவை அளக்காதீர்கள். உச்சி வெயிலில் கூரையின் நிழல் தரையில் எவ்வளவு அகலம் விழுகிறதோ அதுதான் மழை பிடிக்கும் பரப்பு. உங்கள் 15 அடிச் சரிவு தரையில் சுமார் 14 அடி. 20 அடியால் பெருக்கினால் 280 சதுர அடி, அதாவது 26 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். தெறிப்பு, ஆவி, பீலியில் வழிவது எல்லாம் போக பத்தில் எட்டுப் பங்கு கைக்கு வரும். ஆக ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 20 லிட்டர். 200 லிட்டர் நீலத் தோம்பு நிறைய 10 மில்லிமீட்டர் மழை போதும்.

சாயங்கால இடிமழை மணிக்கு 120 மில்லிமீட்டர் வேகத்தில் அடித்தால் நிமிடத்துக்கு 40 லிட்டர் இறங்கும். ஐந்தே நிமிடத்தில் தோம்பு நிறைந்துவிடும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பலரும் தண்ணீர் வரும் குழாயை மூன்று இஞ்சில் போட்டுவிட்டு, வழிந்தோடும் குழாயை அரை இஞ்ச் ஹோஸில் போடுகிறார்கள். உள்ளே 40 லிட்டர் வருகிறது, வெளியே அதில் பாதிகூடப் போகாது. மூடி கிளம்பும், தண்ணீர் சுவரோரம் இறங்கும், கொஞ்ச நாளில் தோம்பு நிற்கும் மண்ணே கரைந்துவிடும். உள்ளே வரும் குழாய் எந்த அளவோ, வழிகிற குழாயும் அதே அளவு இருக்க வேண்டும். அதன் வாய் லோங்காங்குக்குள் விழ வேண்டும், பக்கத்து வீட்டு வாசலில் அல்ல.

தேவை எவ்வளவு? ஐந்து பேர், ஆளுக்கு நான்கு தடவை, தடவைக்கு 4 லிட்டர் வாளித் தண்ணீர் என்றால் கழிவறைக்கு மட்டும் நாளைக்கு 80 லிட்டர். ஒரு தோம்பு இரண்டரை நாள். மூன்று தோம்பு வைத்தால் ஒரு வாரத்தைத் தொடும். துணியும் அதில் என்றால் மூன்று நாலு நாள்.

மருந்துத் தோம்பு வேண்டவே வேண்டாம். களைக்கொல்லி வந்த பிளாஸ்டிக் அந்த மருந்தையும், அதோடு கலந்த எண்ணெய், சோப்பு வகைகளையும் தன் சுவருக்குள் உறிஞ்சி வைத்திருக்கும். மூன்று முறை அலசுவது என்று விதி இருக்கிறதே என்பார்கள். அது அழிக்கக் கொடுப்பதற்கு முன் அலசுவது. அலசி, அடியில் ஓட்டை போட்டு, திரும்ப யாரும் எடுக்க முடியாதபடி செய்வதற்குத்தான் அந்த விதி. பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் நாட்டில் தடை, ஆனால் அதற்கு முன் வந்த தோம்பு இன்னும் எத்தனையோ பொண்டோக்கில் (குடிசையில்) கிடக்கிறது. அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று போட்டிருப்பதைப் பார்த்து உணவுத் தோம்பு என்று நினைத்துவிடாதீர்கள். அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்கிறது, உள்ளே என்ன இருந்தது என்று சொல்லாது. சோயா சாஸ், சிரப், வினிகர் வந்த தோம்பாகப் பார்த்து, லேபிள் ஒட்டியபடியே வாங்குங்கள். லேபிளைச் சுரண்டி எடுத்திருந்தால் விட்டுவிடுங்கள்.

மேல்பக்கம் முழுதாகத் திறக்கிற, இரும்பு வளையம் போட்டுப் பூட்டுகிற வகைதான் நல்லது. உள்ளே கை விட்டால்தான் பைப் (திறந்து மூடும் குழாய்) கனெக்டரின் நட்டை முறுக்க முடியும், பிறகு கழுவவும் முடியும். முக்கால் இஞ்ச் கனெக்டருக்கு மரை 26.5 மில்லிமீட்டர் இருக்கும், 28 மில்லிமீட்டர் துளை சரி. 32 போட்டால் ரப்பர் வாசர் உட்கார இடம் இருக்காது, ஒழுகிக்கொண்டே இருக்கும். வாசர் தோம்பின் உள்பக்கம் வர வேண்டும். பைப்பை அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வையுங்கள், அடியில் படிகிற வண்டல் வாளிக்கு வராது. தோம்புகளை ஒன்றோடொன்று கீழே இணைத்தால் ஒன்று நிறைய நிறைய எல்லாம் நிறையும், ஆனால் நடுவில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு போடுங்கள். இல்லாவிட்டால் ஒன்றைக் கழுவ எல்லாவற்றையும் காலி செய்ய வேண்டி வரும்.

முதல் தண்ணீரை ஒதுக்குவதுதான் இந்த வேலையின் உயிர். பறவை எச்சம், எலிப் புழுக்கை, புகைமூட்ட நாளில் படிந்த சாம்பல், ஆலைப் பக்கம் என்றால் பாய்லர் கரி, எல்லாம் முதல் ஒரு மில்லிமீட்டர் மழையிலேயே இறங்கிவிடும். உங்கள் கூரைக்கு அது 25 லிட்டர். 6 இஞ்ச் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 18 லிட்டர் பிடிக்கும், எனவே 1.4 மீட்டர் நீளத்தில் ஒரு துண்டைச் செங்குத்தாக நிறுத்தி, அடியில் திருகு மூடி போடுங்கள். பீலியிலிருந்து வருகிற தண்ணீர் முதலில் இதற்குள் விழும், இது நிறைந்தபின் மேலே உள்ள டீ (மூன்று வாய் இணைப்பு) வழியாகத் தோம்புக்குத் திரும்பும். மூடியில் 2 மில்லிமீட்டர் துளை ஒன்று. மழை நின்றபின் ஒன்றரை மணி நேரத்தில் தானாகக் காலியாகி அடுத்த மழைக்குத் தயாராகிவிடும்.

அந்தத் துளைதான் எப்போதும் அடைத்துக்கொள்வது. அடைத்தால் குழாய் நிறைந்தபடியே நிற்கும், அடுத்த மழையின் அழுக்கெல்லாம் நேரே தோம்புக்குப் போகும், வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. மழைக்கு மறுநாள் காலையில் குழாயை விரலால் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் வந்தால் சரி. மொத்தென்று கேட்டால் மூடியைத் திறந்து கழுவுங்கள்.

பீலிக்கு மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் சாய்வு, இரண்டடிக்கு ஒரு கொக்கி. நிறைந்த தோம்பு 200 கிலோ, பிள்ளைகள் சாய்த்தால் நசுங்கிப் போவார்கள். ஹாலோ பிளாக் அடுக்கி அதன்மேல் வைப்பதானால் ஒரு வரிசைக்கு மேல் போகாமல், தோம்பைச் சுவரோடு பட்டி போட்டுக் கட்டுங்கள்.

நலம்நாடி:

கொசுவைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், கம்பவுண்ட் போடலாம். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி கொசுப் புழு எங்கே கிடைக்கிறதோ அந்த இடத்தின் பொறுப்பாளர்தான் பதில் சொல்ல வேண்டும். மழைத்தண்ணீர் பிடித்தது குற்றம் இல்லை, புழு வளர விட்டதுதான் குற்றம்.

டெங்கு பரப்பும் ஏடிஸ், முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒரு நாள் என்று கிழமை வைத்துப் பாருங்கள். மூடியைச் சட்டென்று திறந்து டார்ச் அடித்தால், மேலே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும் புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்குப் போகும். மெதுவாகத் திறந்தால் நிழல் பட்டே இறங்கிவிடும், ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

தோம்பு மூடியை மட்டும் பார்த்தால் போதாது. கொசு நுழைவது பெரும்பாலும் இரண்டு இடம்: வழிந்தோடும் குழாயின் திறந்த வாய், தண்ணீர் தேங்கி நிற்கிற பீலி. குழாய் வாயில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கண் இல்லாத எவர்சில்வர் வலையைக் கட்டுங்கள். நைலான் வலை ஒரு வருட வெயிலில் நொறுங்கிவிடும். பீலியில் சருகு அடைத்தால் அதுவே ஆறு வீட்டு நீளத்துக்கு ஒரு கொசுக் குளம்.

மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் அபேட் என்ற கொசுப்புழு மருந்து கேளுங்கள். 1 விழுக்காடு மணல் வகை என்றால் 200 லிட்டருக்கு 20 கிராம். சிறு துணிப் பையில் கட்டித் தோம்புக்குள் தொங்கவிட்டால் வண்டலோடு கழுவிப் போகாது. இரண்டு மூன்று மாதம் வேலை செய்யும் என்றாலும், தினமும் இறைத்துத் தினமும் நிறைகிற தோம்பில் சீக்கிரமே வலு குறைந்துவிடும்.

எதற்குப் பயன்படுத்தலாம்: சிங்க் கூரை, முதல் தண்ணீர் ஒதுக்கியது என்றால் துணி துவைக்க, தரை கழுவ, செடிக்கு. மழைத்தண்ணீர் மென்மையானது, வழக்கமான சோப்புத்தூளில் பாதி போட்டாலே நுரைக்கும். குளிக்க, பாத்திரம் கழுவ என்றால் 200 லிட்டருக்கு வாசனை சேர்க்காத 5 விழுக்காட்டு குளோரின் பிளீச் 10 மில்லிலிட்டர் ஊற்றிக் கலக்கி அரை மணி நேரம் விடுங்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தால் குளோரின் அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், அந்தத் தண்ணீரில் குளிக்க வேண்டாம். கூரையில் எலி ஓடுகிற வீடுகளில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கென்சிங் தீக்குஸ் (எலிச் சிறுநீரால் வரும்) காய்ச்சல் காலில் இருக்கும் சின்ன வெட்டு வழியாகவே ஏறும், அறுவடைக்காரர் காலில் முள் குத்தாத நாள் இல்லை.

குடிக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், பழைய தகரத்துச் சாயத்திலும் ஆணித் தலையில் வைத்த ஈயத்திலும் இருந்து வருகிற உலோகம் சாகாது. குடிக்கிற தண்ணீருக்கு மூடி போட்ட தனிக் கேனில் குழாய்த் தண்ணீரை நிறைத்து, வாரம் ஒருமுறை மாற்றி வைப்பதே பாதுகாப்பு. ஐந்து பேருக்குச் சமையலோடு சேர்த்து நாளைக்கு 20 லிட்டர், மூன்று நாளைக்கு 60.

சாப்பும்_கடிதமும்:

மேலே எல்லாரும் தொழில்நுட்பம் சொல்லிவிட்டீர்கள், நன்றி. என் கவலை வேறு. தோம்பு வைத்த அடுத்த மாதமே "அவர்கள்தான் மழைத்தண்ணீர் வைத்திருக்கிறார்களே" என்று குழாய்ப் பிரச்சினையை ஓரம் கட்டுவார்கள். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

தோட்டத்தில் வேலை செய்து தோட்ட வீட்டில் இருக்கிறவர்களுக்கு 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் இருக்கிறது. 'அக்தா 446' என்றாலே அதிகாரிக்குப் புரியும். வீட்டுக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுப்பதும், வீட்டை நல்ல நிலையில் பழுதுபார்த்து வைப்பதும் முதலாளியின் கடமை என்று அதில் இருக்கிறது. உடைந்த அட்டைக் கூரையும் இந்தப் பழுதுபார்ப்புக்குள்தான் வரும். 2019-இல் திருத்தியபோது அபராதத்தை 50,000 ரிங்கிட் வரை உயர்த்தினார்கள். இது யாரும் பாவம் பார்த்துக் கொடுக்கிற உதவி இல்லை.

தண்ணீர் ஏன் உங்களுக்குக் கடைசியில் வருகிறது என்பதில் இரண்டு காரணம் கலந்திருக்கிறது, அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, குழாயின் கடைக்கோடியும் மேட்டு நிலமும் எப்போதும் கடைசியில்தான் நிறையும். அது தண்ணீர் நிறுவனத்தின் பக்கம். இன்னொன்று, பொது மீட்டருக்குப் பிறகு லயம்வரை வருகிற குழாய். மீட்டருக்கு அந்தப் பக்கம்தான் நிறுவனத்தின் பொறுப்பு, இந்தப் பக்கம் தோட்டத்தின் சொத்து. அந்த இரும்புக் குழாய் துருப்பிடித்து உள்வாய் சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கியிருந்தால் நிறுவனம் எவ்வளவு விட்டாலும் லயத்துக்கு ஒழுக்குதான் வரும். சோதிப்பது சுலபம்: தண்ணீர் திரும்பிய அன்று மீட்டர் பக்கத்துப் பைப்பில் பத்து லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி, அதே நேரத்தில் கடைசி லயத்துப் பைப்பில் எத்தனை விநாடி என்று இரண்டு பேர் போனில் பேசிக்கொண்டே அளந்து எழுதுங்கள். அங்கே வேகமாக நிறைந்து, இங்கே பல மடங்கு நேரம் எடுத்தால் பழுது தோட்டத்துக் குழாயில்.

ஒரு நோட்டில் நின்ற தேதி, நேரம், வந்த தேதி, நேரம், எந்த லயம் என்று மூன்று மாதம் எழுதுங்கள். பிறகு மலாயில் ஒரு கடிதம், இரண்டு பிரதி. நிர்வாக அலுவலகத்தில் ஒன்றைக் கொடுத்து மற்றதில் தேதியோடு சாப் (முத்திரை) வாங்கிக்கொள்ளுங்கள். சாப் இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம். பதில் வராவிட்டால் அந்தப் பிரதியோடும் நோட்டோடும் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளை இருந்தால் கடிதத்தை அதன் வழியாகவும் அனுப்புங்கள். ஒருவர் பெயரில் அனுப்பாமல் 24 வீட்டுக் கையெழுத்தும் இருந்தால் யாரையும் தனியாகப் பிடித்து மிரட்ட முடியாது.

வேலையை விட்டு ஓய்வு பெற்று இன்னும் லயத்தில் இருக்கும் பெரியவர்கள் இந்தச் சட்டத்தில் தொழிலாளி என்ற கணக்கில் வர மாட்டார்கள். அவர்களையும் சேர்த்தே கையெழுத்து வாங்குங்கள், ஒரே குழாய்தான் எல்லாருக்கும். வங்காளதேசத்து, இந்தோனேசியத் தொழிலாளர் கொங்சியையும் (பொதுத் தங்குமிடத்தையும்) விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கும் இதே சட்டம்தான்.

வானம்பார்த்தவள்:

சாப்பும்_கடிதமும் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சுங்கை சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் பெரிய நிலையங்கள் நம் குவாலா சிலாங்கூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. கோலாலம்பூர்வரை போகிற தண்ணீர் அது. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஆற்றில் கலந்த கழிவால் நான்கு நிலையங்களை நிறுத்தினார்கள், 10 லட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. மேலே கொட்டியது தொழிற்சாலைக் கழிவு, வாளியைத் தூக்கிக்கொண்டு அலைந்தது கீழே இருக்கிறவர்கள்.

இன்னொரு பக்கம் மழையே மாறி வருகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். அதனால் பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. சில வருடங்களில் வாரக்கணக்கில் காய்கிறது. 2014-இல் சிலாங்கூரில் இரண்டு மாதத்துக்கு மேல் தண்ணீரைப் பங்கிட்டு விட்டார்கள். 2021 டிசம்பரில் அதே சிலாங்கூரில் வெள்ளம்.

இதைத் தோம்போடு சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூன்று நாள் ஐந்து நாள் வெட்டுக்குத் தோம்பு கைகொடுக்கும். நான்கு வார வறட்சிக்குக் கொடுக்காது, மழையே இல்லாமல் எதைப் பிடிப்பது? வெள்ளத்தையும் தடுக்காது, முதல் 10 மில்லிமீட்டரிலேயே நிறைந்துவிடுகிறதே. மேற்குக் கரையில் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் சாயங்கால இடிமழை அதிகம், ஜூன், ஜூலை குறைவு. மே கடைசிக்குள் எல்லாத் தோம்பையும் கழுவி நிறைத்து, மூடி வைத்துக்கொள்ளுங்கள். நீலப் பிளாஸ்டிக்கில் வெளிச்சம் ஊடுருவிப் பாசி பிடிக்கும், நிழலில் வையுங்கள் அல்லது கறுப்புச் சாயம் அடியுங்கள்.

லயம்12:

எல்லாருக்கும் மிக்க நன்றி. காந்தம் வைத்துப் பார்த்தாயிற்று. 24 வீட்டில் சிங்க் ஏழுதான், மீதி அட்டை. ஏழு வீட்டுக்கு மட்டும் தோம்பு வைத்தால் மற்றவர்கள் மனம் கஷ்டப்படும். மாரியம்மன் கோயில் மண்டபத்துக் கூரை முழுக்கச் சிங்க், 60 அடிக்கு 20 அடி. அதில் பொதுவாக ஒன்று போடலாமா? கோயில் கமிட்டி சம்மதிக்கும். வாளியோடு வந்து பிடித்துப் போவார்கள்.

நீலத்தோம்பு:

அதுதான் சரியான வழி. 1200 சதுர அடி என்றால் 111 சதுர மீட்டர், மில்லிமீட்டருக்கு 89 லிட்டர். 400 கேலன் டாங்கி 1,818 லிட்டர், 20 மில்லிமீட்டர் மழையில் நிறையும். 24 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 75 லிட்டர், கழிவறைக்கு ஒரு நாள் அளவு. மூன்று நாள் தாங்க வேண்டுமானால் மூன்று டாங்கி. பணம் சேரச் சேர ஒவ்வொன்றாக வாங்குங்கள், ஆனால் அடித்தளத்தை மூன்றுக்கும் சேர்த்து இப்போதே போட்டுவிடுங்கள். நிறைந்த டாங்கி ஒன்று 1.8 டன்னுக்கு மேல். நம் வட்டாரத்தில் பல இடம் கம்பூட் மண் (மக்கிய, இளகிய சதுப்பு மண்), பிளாக் அடுக்கினால் ஒரு பக்கம் இறங்கி டாங்கி சாயும், கனெக்டர் பிளந்துவிடும். பி.ஆர்.சி. கம்பி வலை போட்டு 4 இஞ்ச் சிமெண்டுத் தளம் வேண்டும், தளத்துக்கு அடியில் கல்பாவிக் கெட்டித்தது. மண் சேறாக இருந்தால் இந்தக் கனமும் போதாது, கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

மண்டபக் கூரையில் புறா இருக்கும், ஆகவே முதல் தண்ணீருக்கு ஒரு 200 லிட்டர் தோம்பையே ஒதுக்குங்கள். அடியில் 4 மில்லிமீட்டர் துளை போட்டால் நான்கு மணி நேரத்தில் காலியாகும். திருவிழாவுக்குச் சூடமும் பட்டாசும் கொளுத்துகிற இடத்துக்கு நேர்மேலே பீலி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், பி.வி.சி. வளைந்துவிடும்.

பைப் ஒன்று மட்டும் வைத்தால் வரிசை நீளும். நான்கு பைப் வையுங்கள், எல்லாம் வாளி நுழைகிற உயரத்தில்.

கூரைவேலை:

மண்டபத்தைக் கட்டிய வருடம், கூரை மாற்றிய வருடம் இரண்டையும் கமிட்டியில் கேளுங்கள். சிங்க்கை மட்டும் புதிதாகப் போட்டு, அதன் அடியில் பழைய அஸ்பெஸ்டாஸ் சீலிங்கை அப்படியே விட்டிருப்பார்கள். தண்ணீருக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் குழாய் கொண்டுபோக அந்தச் சீலிங்கில் துளை போட்டுவிடாதீர்கள். குழாய் வெளிச்சுவரோடு இறங்கட்டும்.

சாப்பும்_கடிதமும்:

கோயில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தோட்டத்து நிலமாக இருந்தால் டாங்கிக்கும் தளத்துக்கும் எழுத்தில் அனுமதி வாங்கி, அதற்கும் சாப். டாங்கி கமிட்டியின் சொத்து என்று ஒரு வரி சேருங்கள், நாளைக்கு நிலம் கைமாறினால் கழற்றி எடுத்துப் போக உரிமை வேண்டும். அந்தக் கடிதத்திலேயே "குழாய்த் தண்ணீர் அடிக்கடி தடைப்படுவதால்" என்று காரணத்தையும் எழுதிவிடுங்கள். நிர்வாகம் அதில் சாப் வைத்தால், தண்ணீர் தடைப்படுகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அதுவும் உங்கள் நோட்டோடு சேரும்.

நலம்நாடி:

வாராவாரம் புழு பார்ப்பது லயத்துக்கு ஒரு வாரம் என்று முறை வைத்து, பெயரை மண்டபப் பலகையில் எழுதிப் போடுங்கள். பொது டாங்கி என்றால் எல்லாரும் இன்னொருவர் பார்ப்பார் என்று விட்டுவிடுவார்கள். வெள்ளிக்கிழமை பூசைக்கு எப்படியும் ஆள் வரும், அன்றைக்கே டார்ச்சோடு வரச் சொல்லுங்கள்.